மின்மினி பதில்கள்: "இடைவேளைக்கு அப்புறம் என்ன ஆச்சு சார்?"

போன இதழில் ஓமலூர் வாசகர் ஒருவர், "பிளஸ் டூ முடித்த மகனோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். நானும் அதிகம் யோசிக்காமல் 'உடான்' என்று எழுதிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் படத்தைப் பற்றித்தான். திட்டுதான் அதிகம். ஆகவே பாப்கார்ன் விலை, எம்.ஜி.ஆரா சிவாஜியா வகைக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சிலர் வீட்டு விஷயத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பெயர் போதும்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2010-இல் வந்த ஹிந்திப் படம். இயக்கியவர் விக்ரமாதித்ய மோட்வானே, அவருக்கு முதல் படம். சிம்லாவில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ரோஹன், கூட்டாளிகளோடு ராத்திரியில் வெளியே போய், அந்த வயதில் பார்க்கக் கூடாத படத்தைப் பார்த்து மாட்டிக்கொள்கிறான். பள்ளிக்கூடம் நாலு பேரையும் வெளியே அனுப்புகிறது. எட்டு வருடமாக எட்டிப் பார்க்காத அப்பாவின் வீட்டுக்கு, ஜாம்ஷெட்பூருக்குத் திரும்புகிறான். அங்கே போனால் ஆறு வயதில் ஒரு தம்பி. அப்படி ஒருவன் இருப்பதே அன்றைக்குத்தான் இவனுக்குத் தெரியும். அப்பாவை 'சார்' என்று கூப்பிட வேண்டும். காலையில் அவரோடு ஓட வேண்டும். பாதி நாள் அவருடைய தொழிற்சாலை, மீதி நாள் இன்ஜினியரிங் கல்லூரி. பையனுக்கோ கவிதை எழுதத்தான் ஆசை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றியும் ஒரு வரி. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் 22 வருடம் வார்டனாக இருந்தேன். ராத்திரியில் டார்ச்சோடு சுற்றுவேன் என்பதால் பையன்கள் வைத்த பெயர் மின்மினி. ஓய்வு பெற்று சேலம் அஸ்தம்பட்டிக்கு இறங்கி வந்த பிறகும் பெயர் கூடவே இறங்கி வந்துவிட்டது.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

"முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், நடக்கிறான், சாப்பிடுகிறான். இதை எப்படி ஐயா நல்ல படம் என்கிறீர்கள்?"
- அம்மாபேட்டை

நீங்கள் தறி ஓட்டுகிறவர் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அம்மாபேட்டையில் என் மச்சினர் வீட்டில் முதல் ராத்திரி தங்கியபோது விசைத்தறிச் சத்தத்தில் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரர்கள் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள். நடுச்சாமத்தில் கரண்ட் போய்த் தறி நின்றது. எனக்கு அப்போதுதான் கண்ணைச் சொருகியது. அவர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் நின்றால் ஏதோ சரியில்லை என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

'உடான்' வீடும் அப்படித்தான், ஆனால் தலைகீழ். அங்கே அமைதிதான் ஓடிக்கொண்டிருக்கும் தறி. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர். அப்பா தட்டைப் பார்க்கிறார், பெரியவன் தம்பியைப் பார்க்கிறான், தம்பி யாரையும் பார்ப்பதில்லை. அந்தக் குழந்தை ஸ்பூனை வைக்கிற விதத்தைக் கவனியுங்கள். சத்தம் வராமல் வைக்கிறது. ஆறு வயசுப் பிள்ளை சத்தம் வராமல் சாப்பிடக் கற்றிருக்கிறது என்றால், நாம் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் நிறைய நடந்து முடிந்திருக்கிறது என்று அர்த்தம். இனி நடக்கப் போவதைவிட அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

ஹாஸ்டலில் சேட்டை செய்கிற பையனைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. கண்ணாடியை உடைப்பான், அபராதம் கட்டுவான், முடிந்தது. லீவு விட்டதும் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஒருத்தன் மட்டும் போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருப்பான் பாருங்கள், அவனிடம்தான் போய் உட்கார வேண்டும் என்று பத்து வருடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை பேரை விட்டேனோ.

மறுபடி பாருங்கள் என்று வற்புறுத்த மாட்டேன். உங்களுக்குத் தறி வேலை இருக்கிறது.

"ஹிந்தி தெரியாது. சப்டைட்டில் படிப்பதற்குள் காட்சி போய்விடுகிறது."
- எடப்பாடி

இந்தப் படத்தில் போகாது. அவர்கள் பேசுவதே கொஞ்சம். அம்மாபேட்டைக்காரரின் புகார் உங்களுக்கு வசதியாகப் போயிற்று.

"எங்கள் ஊரும் இரும்பு ஊர்தான். ஜாம்ஷெட்பூரை இத்தனை சோர்வாகக் காட்டியிருக்க வேண்டுமா? தொழிற்சாலையில் வேலை செய்வது அவ்வளவு கேவலமா?"
- மோகன் நகர், இரும்பாலை

கோபம் நியாயம். ஜாம்ஷெட்பூர் 1907-இல் டாடா கம்பெனி தொடங்கியதிலிருந்து இரும்பால் வளர்ந்த ஊர். நம் இரும்பாலையால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று எனக்கும் தெரியும். படம் வேலையைக் கேவலப்படுத்தவில்லை என்பது என் எண்ணம். அந்தப் பையன் அங்கே போவதற்குக் காரணம் அவன் அல்ல, அவ்வளவுதான். தானாக விரும்பிப் போகிறவனுக்கு அதே பட்டறைச் சூடு வேறு மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேலை பார்க்கும் மற்ற தொழிலாளிகள் ஒருத்தரையாவது நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கலாம். எல்லோரும் பின்னால் நிற்கும் ஆட்களாகவே இருந்துவிட்டார்கள்.

"படத்தில் பெண்களே இல்லையே. அம்மா செத்துப்போனாள், இரண்டாவது பெண்டாட்டி போய்விட்டாள், அப்பா மூன்றாவது கல்யாணத்துக்குத் தயாராகிறார். இதைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை?"
- ஆத்தூர்

எழுதாதது என் தப்பு. படத்தை முதல் தடவை பார்த்து முடித்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "பசங்க ரெண்டும் தப்பிச்சுது. சரி. புதுசா அந்த வீட்டுக்கு வர்ற பொம்பளை என்ன பண்ணுவா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்துக்கும் தெரியவில்லை. பையன்களின் துயரத்தைச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. அவர்களுக்கு அம்மா என்றால் ஒரு புகைப்படம், ஒரு பழைய நினைவு. நீங்கள் கேட்டதும் என் மனைவி கேட்டதும் ஒரே கேள்விதான். அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். "ஆத்தூர்க்காரி விவரமானவ" என்றாள்.

"இண்டிபெண்டன்ட் படம் என்றால் என்ன சார்? காசு இல்லாமல் எடுப்பதா? எங்கள் கல்லூரியில் இதைப் பற்றிப் பெரிய சண்டை."
- சேலம், விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதியது

காசு கணக்கு இல்லை. யாரைக் கேட்டு எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

நீங்கள் படிக்கும் ஊரிலேயே இதற்கு நேர் எதிரான சாட்சி நிற்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினம் தாண்டித்தானே போகிறீர்கள்? டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய கம்பெனி. நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-இல் அவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-இல் வந்தது, அதுவும் அவர்கள்தான். கதை எழுதுகிறவர், செட் போடுகிறவர், நடிக்கிறவர் எல்லாருக்கும் முதலாளி ஒருவர். நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்கு முடிக்க வேண்டும். ஒழுங்கான ஹாஸ்டல் மாதிரி. நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கினால்தான் சேலத்திலிருந்து அத்தனை படம் வந்தது.

தனியாகப் படம் எடுக்கிறவனுக்கு அந்த முதலாளி இல்லை. இந்த இடத்தில் ஒரு பாட்டுப் போடு, கதாநாயகி எங்கே, காமெடி எங்கே என்று கேட்க ஆள் இல்லை. அதற்கு விலை, காத்திருப்பது. மோட்வானே இந்தக் கதையை எழுதிவிட்டு ஏழு வருடம் போல அலைந்தார். கடைசியில் ஹிந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தயாரிக்க முன்வந்தார். யூ.டி.வி. என்ற பெரிய கம்பெனியும் சேர்ந்துகொண்டது. ஆகவே முழுக்க முழுக்கத் தனிப்படம் என்று அடித்துச் சொன்னால் உங்கள் கல்லூரிச் சண்டை இன்னும் பெரிதாகும். 2010-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 'அன் சர்ட்டன் ரிகார்ட்' என்ற பிரிவுக்குத் தேர்வானது. மறு வருடம் ஃபிலிம்ஃபேரில் ஏழு விருது. அப்பாவாக நடித்த ரோனித் ராய்க்கும் ஒன்று. தியேட்டரில் கூட்டம் கூடவில்லை. விருது வாங்கிய படத்துக்குக் கூட்டம் வராதது புதுசா என்ன.

"நாங்கள் நாலு பேரும் ஒரு குறும்படம் எடுக்கலாமா" என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மேலே மூன்று பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாலாவது ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

"அப்பா பாத்திரம் ரொம்ப மிகை. எந்தத் தகப்பன் பெற்ற பிள்ளையை 'சார்' என்று கூப்பிடச் சொல்லுவான்? நானும் இரண்டு பையன்களைக் கண்டிப்பாக வளர்த்தவன்தான். வடநாட்டில் வேண்டுமானால் இருக்கும்."
- சூரமங்கலம்

இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டு இன்னொரு கடிதம் இருக்கிறது. அதையும் போட்டுவிட்டு இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

"நீங்கள் வார்டனாக இருந்தவர். ராத்திரி சினிமாவுக்குப் போனதற்காக நாலு பையன்களின் படிப்பையே நிறுத்தியது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"
- வாழப்பாடி

என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க வேண்டியதில்லை அம்மா. செய்திருக்கிறேன்.

1997. தை மாதம், காப்பிப் பழம் பறித்து முடிகிற நேரம். ராத்திரி ஒரு மணி இருக்கும். பனி இறங்கி ஏரியே தெரியவில்லை. நான் எண்ணிப் பார்த்தபோது பத்தாம் வகுப்பு அறையில் மூன்று கட்டிலில் தலையணையைப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தியிருந்தது. பின்பக்கச் சுவரோரம் ஒரு சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும். ஏறி இறங்க அதுதான் வழி என்று எனக்குத் தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டு மரத்தடியில் நின்றேன். ஒன்றரை மணிக்கு மேல் மூன்று பேரும் வந்தார்கள். சுவரில் ஏறி முதல் பையன் காலைத் தொங்கப் போட்டதும் டார்ச்சை அடித்தேன். அந்த முகம் இன்னும் எனக்கு அப்படியே இருக்கிறது. அப்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பிடித்துவிட்டேனே.

சௌசௌவும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்கு இறங்கும் டெம்போவில் போயிருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் மூட்டைக்கு நடுவில். ஒரு பெரிய நடிகரின் படம், இரண்டாவது ஆட்டம். அதே டெம்போ சரக்கை இறக்கிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் மலை ஏறிவிடும். அதை விட்டால் காலை பஸ்தான். அதனால் இடைவேளை மணி அடித்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். பாதிப் படம்.

நான் அறிக்கை எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. மூன்று தகப்பன்களையும் வரச் சொன்னார்கள். இரண்டு பேர் காரில் வந்தார்கள், மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்கள், மேற்கொண்டு என்ன பேசினார்களோ, பையன்கள் இருவரும் ஒரு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் பஸ்ஸில் வந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். அவர் கெஞ்சவில்லை. "வேண்டாம் சார். படிச்சது போதும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு அது வசதியாகப் போயிற்று. விதியைக் காப்பாற்றியதாகக் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

ட்ரங்குப் பெட்டியைப் பையனே தூக்கிக்கொண்டான். அப்பா முன்னால் நடந்தார். பஸ் கிளம்பும் வரை நான் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அந்தப் பையன் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது எழும் என்று.

பதினாலு வருடம் கழித்து, பேத்திக்குக் கொலுசு வாங்க மனைவியோடு செவ்வாய்ப்பேட்டை போனேன். ஒரு கடையில் தராசுக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து நின்றான். "மின்மினி சார்." எனக்கு ஒரு நொடி ஆயிற்று. உட்கார வைத்தான், டீ சொன்னான், என் மனைவிக்கு இருபது ஜோடி எடுத்துக் காட்டினான். அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிவிட்டதாம். ஊருக்குப் போனதிலிருந்து கம்பி இழுப்பது, பற்ற வைப்பது, மெருகு போடுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டானாம். பேச்சுவாக்கில் சொன்னான்: "பட்டறையில மத்தவங்க எல்லாம் அப்பாவ ஓனர்னு கூப்பிடுவாங்க சார். நானும் அப்படித்தான் கூப்பிடணும்னுட்டாரு. வீட்டுக்குப் போனாலும் அதே வாயில வந்துரும். கடைசில ஆஸ்பத்திரியிலகூட ஓனர்னுதான் கூப்பிட்டேன்."

சூரமங்கலம் அன்பரே, உங்கள் வீட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் விடவில்லை. கொலுசைத் தாளில் சுற்றிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்: "அந்தப் படம் இடைவேளைக்கு அப்புறம் என்ன ஆச்சு சார்? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது. வார்டனுக்கு ஏது சினிமா. அவன் அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையாம். டி.வி.யில் போட்டாலும் இடைவேளை வரும்போது அணைத்துவிடுவானாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டார்கள். இடைவேளைக்கு அப்புறம் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். சுமார்தான். வில்லன் திருந்துகிறான், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிறது. அந்தப் பக்கம் போனால் சொல்லலாம் என்றுதான் வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.

வாழப்பாடி அம்மா கேட்டது "சரியா" என்று. விதிப்படி சரி. ராத்திரி மலைப்பாதையில் மூன்று பிள்ளைகள் டெம்போவில் போய் ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். ஆனால் பையனை எங்கே அனுப்புகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. 'உடான்' அந்தக் கேள்வியோடு தொடங்குவதால்தான் எனக்கு அது வேறு படங்களைப் போல இல்லை. பள்ளிக்கூடம் கேட்டைச் சாத்திய இடத்தில் அந்தப் படம் கூடவே பஸ் ஏறுகிறது.

"கடைசியில் பையன் வீட்டை விட்டுப் போவதைத் தீர்வு மாதிரி காட்டுகிறார்கள். என் மகன் கைதட்டினான். எனக்கு வயிறு கலங்கியது. இப்படிப்பட்ட படத்தையா அப்பாவும் பிள்ளையும் பார்க்கச் சொன்னீர்கள்?"
- ஓமலூர் (போன மாதம் கேட்ட அதே வாசகர்)

உங்களிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடிவைச் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன்.

ஆனால் உங்கள் மகன் எந்த இடத்தில் கைதட்டினான் என்று கேட்டீர்களா? நான் ஊகிக்கிறேன். அப்பா துரத்த, பையன் ஓடுகிறானே, அங்கேதான் இருக்கும். தினம் காலையில் அந்த அப்பாதான் அவனை எழுப்பி ஓட வைக்கிறார். முதலில் பையனுக்கு மூச்சு வாங்குகிறது, ஈடுகொடுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் ஓடி ஓடிக் கால் தேறிவிடுகிறது. கடைசியில் துரத்துகிறவர் நின்றுவிடுகிறார், ஓடுகிறவன் நிற்கவில்லை. அவரிடமிருந்து தப்பிக்க அவனுக்குப் பயிற்சி கொடுத்ததே அவர்தான். இயக்குநர் இதை யார் வாயாலும் சொல்ல வைக்கவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் மகன் கைதட்டியிருக்க மாட்டான்.

இன்னொன்று. அவன் ஓடியதோடு நின்றுவிடவில்லை, திரும்பி வருகிறான். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகத்தான். பரம்பரையாகப் பிள்ளைக்குப் பிள்ளை கைமாறி வரும் கைக்கடிகாரத்தை அப்பா இவனுக்குக் கொடுத்திருந்தார். அதை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறான். வீட்டை விட்டுப் போகிறவர்கள் பொதுவாக எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். இவன் அப்பா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பா கவனிக்காததை எடுத்துக்கொண்டு போகிறான்.

ஹாஸ்டலிலிருந்து என் காலத்தில் பல பையன்கள் ஓடியிருக்கிறார்கள். தேடுவது சுலபம். அடிவாரம் பஸ் நிறுத்தம், இல்லாவிட்டால் ஜங்ஷன் ஒன்றாவது பிளாட்பாரம். ஏனென்றால் எல்லோரும் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். உங்கள் மகனுக்கும் ஓட வேண்டும் என்று தோன்றினால் உங்களை நோக்கித்தான் ஓடி வருவான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்திப் படம் பார்த்த அப்பா ஆயிற்றே.

"கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. இரண்டுக்கும் கோடு எங்கே?"
- சங்ககிரி, ஓய்வு பெற்ற ஆசிரியர்

சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஐயா, நாம் இருவரும் பிரம்பு வைத்திருந்த காலத்து ஆட்கள். என் பிரம்பை நான் ஓய்வு பெறும்போது அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். உங்களுடையது எங்கே?

"தமிழில் இந்த மாதிரி வரவே வராதா?"
- மேட்டூர்

வந்திருக்கிறது, நாம்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். 1979-இல் பாலுமகேந்திரா எடுத்த 'அழியாத கோலங்கள்' பையன்கள் பெரியவர்களாவதைப் பற்றித்தான். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன அம்மாவைத் திருப்பிக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பும்போது பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். மதுரைப் பக்கத்துக் கொதிக்கும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். படம் அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரம். அம்மாபேட்டைக்காரருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு கடிதம். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். ஊர் போடவில்லை, தபால் முத்திரையில் ஏற்காடு என்று மட்டும் தெரிகிறது.

"சார், எனக்கு 17 வயசு. நீங்க எழுதினதைப் படிச்சு ஃபிரண்ட் போன்ல படத்தைப் பார்த்தேன். எங்க வீட்லயும் ஒரு 'சார்' இருக்கார். தம்பி இல்ல. கேள்வி ஒண்ணும் இல்ல."

தம்பி, கேள்வி இல்லாவிட்டாலும் பதில் எழுதலாம் என்று இந்தப் பகுதிக்கு நானே விதி போட்டுக்கொள்கிறேன்.

1098 என்று ஒரு குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பதினெட்டு வயசு ஆகாதவர்களுக்காக. ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு பிடிக்காது, ஃபிரண்ட் போனிலிருந்தே பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருக்காதே. முதலில் கேட்டுக்கொள்ளத்தான் அவர்கள் இருக்கிறார்கள். மனசு பாரமாக இருந்தால் 14416, அது மனநல உதவி எண். அதற்கு வயசுக் கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடித்த ஒரு ஆசிரியர் இருந்தால், வகுப்பு முடிந்ததும் உடனே போகாமல் பெஞ்சைத் துடைக்கிற மாதிரி ஐந்து நிமிஷம் நின்று பார். சில பேருக்கு அது புரியும். எனக்குப் புரியப் பத்து வருடம் ஆயிற்று என்றேன், என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

இங்கேயும் எழுது. உறையின் மேல் மின்மினி என்று போட்டால் பிரிக்காமல் என் கைக்கு வரும், ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஊரும் பெயரும் வேண்டாம். "தம்பி இல்ல" என்பதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய். மேலே அதை அச்சில் போடவில்லை, ஏனென்றால் படிக்க முடியவில்லை. மழையோ பனியோ பட்டு மை கலைந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதி அனுப்பு. பால்பாயிண்ட் பேனாவில்.